தெத்துப்பல்லின் மூலம்

என் நாத்தனாருக்கு எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர் மூலம். வியாதி இல்லை. எந்தப் பொருளைக் கண்டாலும் அது எங்கிருந்து வந்தது என்று மூலம் வரைக்கும் கேட்காமல் விடமாட்டாள், அதனால் வந்த பெயர். சின்ன வயதில் மிட்டாய் கொடுத்தால்கூட, "இது எந்தக் கடையில வாங்கினது? அந்தக் கடைக்காரர் எங்க வாங்கினார்?" என்று விசாரித்துவிட்டுத்தான் வாயில் போடுவாளாம். அவள் விசாரித்து முடிப்பதற்குள் அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், அந்த மிட்டாயைத் தின்றுவிடுவாராம். இரண்டு பேர் குணத்தையும் இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

வளர்ந்து கம்ப்யூட்டர் படித்தாள். சரக்கு இருப்பு பார்க்கும் மென்பொருள் எழுதும் பெரிய கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கே மருந்துக் கடைக்கும் இரும்புக் கடைக்கும் ஒரே மென்பொருள்தான். கதவுக் கீல் விற்கிறவரிடமும் அது காலாவதி தேதி கேட்கும். போடாவிட்டால் அடுத்த பக்கத்துக்கு நகராது. கீல்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, எல்லாக் கீலுக்கும் தன் கல்யாணத் தேதியைப் போட்டு வந்திருக்கிறார். இதைக் கண்டுபிடித்த மூலம் நேராக மேலதிகாரியிடம் போய், "ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைக்கணும் சார்" என்றாள். "நாம ரெடிமேட் கடைம்மா" என்றார் அவர். அடுத்த மாதம் மூட்டை முடிச்சோடு எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தாள்.

"ஒரு வருஷம் பாக்கறேன் அண்ணி. அளவெடுத்துத் தைச்ச சாஃப்ட்வேரை ஒருத்தராவது காசு கொடுத்து வாங்கினா இங்கயே இருப்பேன். இல்லேன்னா கிளம்பிடுவேன்."

கிளம்புவது என்றால் விமானம் ஏறுகிற தூரம். அங்கே ஒரு கம்பெனி அவளுக்காக ஒரு நாற்காலியைக் காலியாக வைத்துக்கொண்டு, மாதம் தவறாமல் போன் போட்டு நலம் விசாரித்துக்கொண்டிருந்தது. எனக்கும் அவளுக்கும் நாளில் பாதி நேரம் எலியும் பூனையும்தான். ஆனால் அந்த போன் வரும்போதெல்லாம் அது பாதியிலேயே அறுந்துபோகாதா என்று வேண்டிக்கொள்வேன். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் சண்டை போட யார் இருக்கிறார்கள்? என் வீட்டுக்காரரோடு போடலாம் என்று நினைக்காதீர்கள். அவர் பாதியிலேயே தூங்கிவிடுவார்.

அவருக்குப் பல் செய்யும் தொழில். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அளவெடுத்து அனுப்புவார்கள். நாங்கள் பல் செய்து கொடுப்போம். சலவை சோப்பு மாதிரி வெள்ளையாக, கனமாக, வட்டு ஒன்று வரும். அதை மெஷினில் மாட்டினால் பல் பல்லாகச் செதுக்கி எடுக்கும். அப்புறம் சூளை, அப்புறம் வர்ணம், அப்புறம் பாலிஷ், கடைசியாக டப்பாவில் போட்டு அனுப்புவது நான். எந்த வட்டிலிருந்து வந்த பல் எந்த வாய்க்குப் போனது என்று கேட்டால், "எல்லாம் என் தலைக்குள்ள இருக்கு" என்பார் அவர். அந்தத் தலைக்குள் என் பிறந்தநாள் ஒருதடவைகூட இருந்ததில்லை.

மூலத்துக்கு முதல் பரிசோதனைக் கூடமாக நாங்களே அமைந்தோம். இனாமாகத்தான். ஒவ்வொரு மேஜைக்குப் பக்கத்திலும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, யார் எந்தக் கையால் எதைப் பிடிக்கிறார்கள் என்று பார்த்தாள். வர்ணம் பூசுகிற அம்மாவுக்கு ஒரு கையில் பல், ஒரு கையில் தூரிகை. "ஸ்கேன் பண்றதுக்கு மூணாவது கை எங்கேர்ந்து வரும்?" என்று அந்த அம்மா கேட்டதும், மேஜைக்கு அடியில் ஒரு மிதிகட்டை வைத்தாள். பல்லை நீட்டிக் காலால் மிதித்தால் டிங் என்று பதிவாகும். இன்ன வட்டு, இன்ன பல், இன்ன சூளை, இன்ன வாய். பல் உடைந்தால் உடைந்தது என்று பதிய ஒரு பட்டன் உண்டு. 'தொலைந்தது' என்கிற பட்டன் மட்டும் கிடையாது. "எதுவும் தொலையறதில்ல அண்ணி. கடைசியாத் தொட்டவங்க சொல்றதில்ல, அவ்வளவுதான்" என்பாள்.

மென்பொருளுக்குத் தன் பெயரையே வைத்தாள். முதல் நாள் திரையில் பெரிய எழுத்தில் 'மூலம் உங்களை வரவேற்கிறது' என்று வந்தது. பாலிஷ் போடுகிறவர் இரண்டடி பின்னால் போய், "எனக்கு இன்னும் அந்த அளவுக்கு வரலைங்க" என்றார். அன்றைக்கு முழுக்க ஒருவரும் சிரிப்பை அடக்கவில்லை. அவள் மட்டும் பெயரை மாற்றமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

இதற்கிடையில் என் பல் ஒன்று உடைந்தது. பாக்கெட்டைக் கத்தரியால் வெட்டச் சோம்பல்பட்டுக் கடித்ததில் போயிற்று. அதுவும் எந்தப் பல்? மேல் வரிசையில் இடது பக்கம் கொஞ்சம் முன்னால் எட்டிப் பார்க்கிற என் தெத்துப்பல். பெண் பார்க்க வந்தபோது அதைப் பார்த்துத்தான் இவர் சரி என்றாராம். வாயைப் பொத்திக்கொண்டு அலைந்தேன். சில வாரம் கழித்து ஒரு சின்ன டப்பாவை நீட்டினார். "உனக்குன்னே வெளிநாட்டுலேர்ந்து தனியா வரவழைச்சேன்." பக்கத்துத் தெருவில் இருக்கும் அவருடைய சிநேகிதர், பல் டாக்டர், அதை மாட்டிவிட்டார். பழைய பல் அச்சு அசலாகத் திரும்பி வந்தது போல இருந்தது. கண்டவர்களிடமெல்லாம் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

மூலம் மட்டும் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, "இதுக்கு லாட் நம்பர் என்ன அண்ணி?" என்றாள்.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதுடி" என்று ஒரு போடு போட்டேன்.

வருஷம் முடிய ஒரு வாரம் இருந்தது. மென்பொருளை யாரும் வாங்கவில்லை. பார்க்க வந்தவர்கள் பாராட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை முடிவாகச் சொல்கிறேன் என்று அந்தத் தூரத்துக் கம்பெனிக்குச் சொல்லிவிட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் வட்டு தயாரிப்பவர்களிடமிருந்து கடிதம் வந்தது. இன்ன லாட்டில், அதாவது ஒரே சமயத்தில் தயாரான ஒரு தொகுதி வட்டுகளில், பொடி கலந்ததில் பிசகு, அதில் செய்த பற்கள் கடிக்கும்போது விரிசல் விடலாம், உடனே மாற்றவும் என்று. கடிதம் வந்த சூட்டோடு சூடாக எங்கள் பெரிய வாடிக்கையாளரும் வந்துவிட்டார். ஊர் முழுக்கக் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மா.

"அந்த லாட் யார் யார் வாயில இருக்குன்னு எனக்கு இப்பத் தெரியணும். சந்தேகம்னு சொல்லி எல்லாரையும் கூப்பிட்டேன்னா, நான் கிளினிக்கை இழுத்து மூட வேண்டியதுதான்."

என் வீட்டுக்காரர் தலைக்குள் தேட ஆரம்பித்தார். மூலம் லேப்டாப்பில் இரண்டு தட்டு தட்டினாள். திரையில் பெயர்கள் வந்து நின்றன. டாக்டரம்மாவின் புருவம் மேலே போனது. "இது நிஜமா?"

"நீங்களே சரிபாத்துக்கலாம் டாக்டர்" என்று மூலம் அலமாரியைத் திறந்தாள். தீர்ந்துபோன வட்டுகளைத் தூக்கிப் போடக் கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாள். ஒரு பல்லுக்கு ஒரு ஓட்டை. ஓட்டைகளையும் பெயர்களையும் வரிசையாக ஒத்துப் பார்த்தார்கள். எல்லாம் கச்சிதம். கடைசி வட்டில் மட்டும், ஓரத்தில், ஓர் ஓட்டை அதிகமாக இருந்தது.

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார்: "ஒரு பல்லு போன வழி தெரியலேன்னா, மத்ததெல்லாம் சரியாப் போயிருக்குன்னு நான் எப்படிம்மா நம்பறது?"

"நியாயம்தான் டாக்டர்" என்றாள் மூலம். அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

"உடைஞ்சதுன்னு போட்டுடேன்" என்றார் அண்ணன்.

"எங்க உடைஞ்சது? யார் கையில?"

"யார் கையிலயாவது."

"பொய்யைப் போடறதுக்கு நான் எதுக்கு அண்ணா? அதுக்கு அந்தக் கீல்காரர் போதும்." அவள் கண் கலங்கிவிட்டது. லேப்டாப்பைப் பாதி மூடினாள். இவர் என்னடாவென்றால் தங்கை முகத்தைப் பார்க்காமல், சுற்றாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வர்ணம் பூசுகிற அம்மா வட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "மேல் வரிசை. இடது பக்கம். ஆனா இவ்வளவு கோணலா யாருக்குங்க பல்லு செய்வாங்க? எட்டிப் பாக்கற மாதிரில்ல இருக்கு."

என் நாக்கு தானாக அந்தப் பல்லைத் தடவியது. வெளிநாடு. தனியாக வரவழைத்தது. எனக்கென்றே. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! இப்போது வாயைத் திறந்தால் மானம் போகும், மூடிக்கொண்டால் இவள் போவாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றேன். கடித்த பிறகுதான் அது விரிசல் விடக்கூடிய பல் என்பது ஞாபகம் வந்தது.

"அந்தப் பல்லு எங்கயும் போகல" என்றேன். "என் வாயிலதான் இருக்கு."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பி, பிறகு அவர் பக்கம் திரும்பியது. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டேன். "வெளிநாடா? ஓரத்துல மிஞ்சின துண்டா?"

"ஞாயித்துக்கிழமை யாரும் இல்லாதப்ப நானே செதுக்கினேன்" என்றார் மின்விசிறியிடம். "வெளிநாட்டுல சொன்னா நேராத்தான் செஞ்சு அனுப்புவாங்க. எனக்குப் பழைய மாதிரியே வேணும். நாலு தடவை அளவை மாத்தி மாத்திப் போட்டேன்."

"அப்புறம் எதுக்கு அந்தப் பொய்?"

"நான் செஞ்சதுன்னா நீ மதிப்பியா?"

உண்மையில் மதித்திருக்கமாட்டேன். கோபம் கோபமாக வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது, எதற்கு எது என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

மூலம் போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "அண்ணி, இப்பப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா?"

வாயை ஆவென்று திறந்தேன். டாக்டரம்மா பார்த்தார், வட்டைப் பார்த்தார், மறுபடி என் வாயைப் பார்த்துத் தலையாட்டினார். மூலம் உட்கார்ந்து பட்டியலில் கடைசி வரியைச் சேர்த்தாள். இருப்பிடம் என்ற கட்டத்தில் மற்றதற்கெல்லாம் கிளினிக் பெயர் இருந்தது. இதற்கு 'அண்ணி' என்று போட்டாள்.

டாக்டரம்மா கிளம்பும்போது, "எங்க எல்லாக் கிளினிக்குக்கும் அளவெடுக்க எப்ப வர்றே? என்ன விலைன்னு சொல்லு" என்றார். "பேரை மட்டும் மாத்திக்கலாமாம்மா?"

"மூலத்துக்கு மூலம்னுதான் டாக்டர் பேரு" என்றாள் அவள்.

மறுநாள் எனக்குப் புதுப் பல் தயாரானது. நேராகவா கோணலாகவா என்று அவர் கேட்கவில்லை. செதுக்கி முடித்து, எல்லோரும் பார்க்க, வாழ்நாளில் முதல் தடவையாக அந்த மிதிகட்டையை மிதித்தார். டிங்.

வெள்ளிக்கிழமை அந்த போன் வந்தது. நான் மாடிப்படியில் துணியை மடிக்கிற மாதிரி நின்றேன். "இல்லைங்க, வரலை" என்றாள் மூலம். ஏன் என்று கேட்டிருப்பார்கள். "இங்க எங்க அண்ணி வாயைப் பாத்துக்க ஒரு ஆள் வேணுங்க."

என் வாயைப் பற்றிப் பேச இவள் யார் என்று திட்டுவதற்காகத்தான் படியேறிப் போனேன். அவள் திரும்பிப் பார்த்தாள். நான் வாயெல்லாம் பல்லாக நின்றேன்.