அப்பா பார்த்த பகல்

எங்கள் வீட்டுக்குள் காலை பத்து மணிக்கு வெயில் வரும் என்பது முப்பத்தெட்டு வயது வரை அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்துகொண்ட அன்று சாயங்காலம், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என்னை வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்.

“ஏளா, பத்து மணிக்கு நம்ம ஜன்னல் வழியா வெயிலு வருது பாத்துக்க. அப்பிடியே நவுந்து நவுந்து அரிசி டின்னு வரைக்கும் போவுது. நீ பாத்திருக்கியா?”

அன்றைக்கு அவர் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

அப்பா தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு விசைப்படகுக்கு டிரைவர். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் திரும்ப இரவு ஒன்பது ஆகும். நான் விழிக்கும் முன்பே போய்விடுவார். நான் தூங்கிய பிறகு வருவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய்வந்து படுத்தால், விளக்குப் போடும் நேரத்தில்தான் கண் திறப்பார். கோடையில் இரண்டு மாதம் மீன்பிடித் தடைக்காலம் உண்டு. அப்போதும் படகைக் கரையேற்றிச் சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது, எஞ்சினைப் பிரிப்பது என்று அங்கேயேதான் கிடப்பார். எனக்கு ஒன்பது வயதான அந்த வருடம் மட்டும் படகு வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. தடை நீங்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. பள்ளி திறந்துவிட்டது. அம்மாவோ பெரியம்மாவின் பிரசவத்துக்கு உதவியாகப் புன்னைக்காயல் போய்விட்டாள். வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான்.

அன்று காலை என் தலையைப் பின்னும் பொறுப்பு அப்பாவுக்கு வந்தது. இரட்டைச் சடை, மடித்துக் கட்டி, வெள்ளை ரிப்பன். அவர் சீப்பைப் பிடித்த விதமே சரியில்லை. முடியை மூன்று புரியாகப் பிரித்து, வடம் முறுக்குவது போல இழுத்து இழுத்துப் பின்னினார். கடைசியில் ரிப்பனில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு, ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தார்.

“எந்தக் காத்துக்கும் அவுராது” என்றார் பெருமையாக.

அவிழத்தான் இல்லை. புருவம் மேலேறி, காலையிலிருந்து நான் எதையோ பார்த்துத் திகைத்தவள் போல உட்கார்ந்திருந்தேன். மதியத்துக்குள் தலை விண்விண் என்று தெறித்தது. அழுதேன். டீச்சர் அவிழ்த்துப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்து வகுப்பு டீச்சரும் வந்து முயன்றார். கடைசியில் கத்தரிக்கோல்தான் வந்தது.

“ஏளா, ஒங்க அப்பா ஒன்னயப் படகுல கட்டிப்போடவா பாத்தாரு?” என்று பின்பெஞ்சுத் தோழி கேட்டாள். வகுப்பே சிரித்தது. டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த நிலையில் வீடு வந்தவளிடம்தான் அப்பா வெயிலைப் பற்றிப் பேசினார். நான் பையிலிருந்த ரிப்பன் துண்டுகளை அவர் முன்னால் எறிந்தேன்.

“எப்பா, நீங்க எப்பத்தான் கடலுக்குப் போவீய?”

அப்பா குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். வெட்டுப்பட்ட இடத்தையும் அதன் பக்கத்தில் குலையாமல் நின்ற முடிச்சையும் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“ரொம்ப வலிச்சுதா?” என்றார். துண்டுகளை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, “இன்னும் ஏழு நாளுதான்” என்றார்.

மறுநாள் காலை என்னைக் கையைப் பிடித்து எதிர்வீட்டுக்குக் கூட்டிப்போனார். அந்த வீட்டு அக்கா தன் இரண்டு மகள்களுக்கும் வாசலில் வைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அப்பா அவளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“தங்கச்சி, கொஞ்சம் மெதுவாப் பின்னு. நான் பாக்கணும்.”

அக்கா முதலில் வெட்கப்பட்டாள், பிறகு சிரித்தாள், பிறகு நிஜமாகவே மெதுவாகப் பின்னிக் காட்டினாள். அந்த வழியாக வந்த படகுக்காரர்கள் இருவர் பைக்கை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“ஏலே, நம்ம டிரைவரு புதுசா எந்த வலை பின்னுதாரு?”

எனக்குத் தெருவே பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. அப்பா திரும்பக்கூட இல்லை. “ஏலே, வெளிச்சத்த மறைக்காதீய” என்றார். அவர் கண் அக்காவின் விரல்களிலேயே இருந்தது.

அன்று என் தலையை அக்காவே பின்னிவிட்டாள். சாயங்காலம் வந்து பார்த்தால், எங்கள் ஜன்னல் கம்பிகளில் பச்சை நைலான் கயிற்றுச் சடைகள் வரிசையாகத் தொங்கின. முதல் சடை கோணல். அடுத்தது பருமன். ஓரத்துக் கம்பியில் தொங்கியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த வாரம் முழுக்க, நான் பையை வைப்பதற்குள் அப்பா தொடங்கிவிடுவார். பதினொரு மணிக்கு ரொட்டிக்காரர் வருகிறாராம், அவர் ஹார்ன் அடித்தால் மூன்றாவது வீட்டு நாய் கூடவே ஊளையிடுகிறதாம். மத்தியானம் கோயில் மணி அடிக்கும்போது தெருவே ஒரு நிமிடம் அடங்கிப்போகிறதாம். “தட்டு ஆடாம சோறு திங்கது எப்பிடி இருக்கு தெரியுமாளா?” என்று ஒருநாள் கேட்டார். எங்கள் தட்டு ஒருநாளும் ஆடியதில்லை. அதனால் எனக்குத் தெரியவில்லை.

நான்காம் நாள் அவரே பின்னினார். எண்ணெய் தொட்டு, வகிடு நேராக எடுத்து, வலிக்கிறதா வலிக்கிறதா என்று கேட்டுக்கேட்டு. சிறு கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினார். அம்மா பின்னியதில்கூட அத்தனை ஒழுங்கை நான் கண்டதில்லை. இப்போது கல்லூரி விடுதியில் தினமும் நானே பின்னிக்கொள்கிறேன், அந்த நேர்த்தி இன்னும் என் கைக்கு வரவில்லை.

அன்று வகுப்பில் அதே தோழி சடையைத் தொட்டுப் பார்த்து, “சூப்பரா இருக்குளா. யாரு பின்னுனா?” என்று கேட்டாள்.

“எங்க அம்மா வந்துட்டாங்க” என்றேன்.

தடைக்காலத்தின் கடைசி நாள் சாயங்காலம் அப்பா பள்ளி வாசலுக்கு வந்திருந்தார். தூரத்துப் பெட்டிக்கடையருகே நில்லுங்கள் என்று சொல்லியிருந்தேன். அவரோ அம்மாக்களுக்கு நடுவில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஏதோ திருவிழாவுக்கு வந்தவர் போல நின்றிருந்தார். என்னோடு வெளியே வந்த தோழி நேராக அவரிடம் போனாள்.

“மாமா, அத்த வரலையா? ஊர்லருந்து வந்துட்டாங்கன்னாளே. சடைகூட அவங்கதான பின்னுனாங்க?”

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, என் சடையில் சற்றே தளர்ந்திருந்த ரிப்பனைச் சரிசெய்தார்.

“ஆமாளா, வந்துட்டா. வீட்ல இருக்கா” என்றார் அவளிடம்.

வழியில் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் பயம் தெளிந்து, விளையாட்டு ஞாபகம் வந்துவிட்டது. தெருமுனையில் பிள்ளைகள் காத்திருப்பார்கள். அப்பாவோ நடக்கவே மாட்டேன் என்கிறார். தையல்கடை வாசலில் நின்று மிஷின் ஓடுவதைப் பார்க்கிறார். சுவரொட்டியை ஒரு ஆடு கிழித்துத் தின்பதைப் பார்க்கிறார். உப்பு லாரி ஒன்று கடந்து போக, அதன் பின்னால் ரோட்டில் வெள்ளையாகச் சிந்தியிருந்ததைக்கூட நின்று பார்க்கிறார்.

“எப்பா, சீக்கிரம் வாங்க!”

“நீ போளா. நான் மெதுவா வாரேன்.”

நான்கு எட்டு ஓடித் திரும்பிப் பார்த்தேன். அப்பா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். பாவம், கால் வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு ஓடிவிட்டேன்.