ஆறாம் மாசத்துக் கடல்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள். அம்மா, கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா, அம்மாவுக்கு அக்கா, எங்களோடுதான் இருந்தாள். அண்ணன், உழவுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். மதினி. கதவுக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரி. பிறகு நான்.

ஆவணி மாசம். வெயில் இன்னும் இறங்கவில்லை. திருச்செந்தூர் போய்வர நாள் பேசினோம். காலையில் போய் சாயங்காலம் திரும்புவது. எல்லாரும் கோயிலுக்கு என்று சொன்னோம். என் வீட்டுக்காரிக்கு மட்டும் கடல்.

அவளுக்கு எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம். கடலைப் பார்த்ததில்லை. "எங்க ஊருக்குக் கடக்காத்து வரும், கடல்தான் வராது" என்பாள். கல்யாணம் ஆன முதல் வருசம் போக இருந்தோம், மழை முந்திவிட்டது, விதைக்கப் போனோம். அடுத்த வருசம் சூல் நின்றது, தங்கவில்லை. இப்போது மறுபடி சூல். பிள்ளை வந்துவிட்டால் அவள் நினைத்த நேரம் கிளம்ப முடியாது. புரட்டாசி பிறந்தால் எங்களுக்கும் முடியாது. கரிசலில் மழைக்கு முன்னாலேயே விதையைப் போட்டுவிட வேண்டும். போனால் ஆவணிக்குள் போக வேண்டும்.

"பசுவந்தனைல மொத பஸ்ஸப் பிடிச்சா வெயிலுக்கு முன்னால தூத்துக்குடி. அங்கன மாறணும். பத்து மணிக்குக் கடல்ல காலை நனைச்சிரலாம்" என்றான் அண்ணன்.

"புளிச்சோறு கட்டிருதேன். தண்ணிதான் எதுல கொண்டுபோக?" இது மதினி.

"அம்புட்டுத் தண்ணி கெடக்குற எடத்துக்குத் தண்ணி சொமந்துட்டுப் போறது நம்மதான்" என்றான் அண்ணன்.

அம்மா சிரித்தாள். தான் மாடுகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை என்று ஆனது.

அப்போதுதான் பெரியம்மா கேட்டாள். "அவளுக்கு எத்தனை மாசம்?"

பதிலுக்கு நிற்காமல் அவளே சொன்னாள்.

"திருச்செந்தூருக்கு ஆத்துப்பாலம் தாண்டணும். ஏழு பொறந்துட்டா ஆறு தாண்டக்கூடாது. மாசில முழுகாம இருந்தா. விரலை மடக்கிப் பாருங்க, ஏழு பொறந்துட்டு."

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "மாசி இல்ல அத்தை. பங்குனி."

"கடல் ஆசையில ஒரு மாசத்தை முழுங்குதியாட்டி?"

முன்னால் ஒன்று தங்காமல் போனபோது என் வீட்டுக்காரி கிடந்தது பெரியம்மா மடியில்தான். அதனால் பெரியம்மா சொன்னதை யாரும் தட்டவில்லை. அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். மதினி, "பிள்ளைப்பேறு முடியட்டும், பெறகு போவோம்" என்றாள். என் வீட்டுக்காரி அழுகிறவள் இல்லை. உள்ளே அடுப்பில் விறகைத் தள்ளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

எனக்குத் தெரியும், பங்குனிதான். எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் கூச்சம். மாசம் எண்ணுவது பெண்கள் காரியம். ஆம்பிளை வாயில் வரக்கூடாது, அதிலும் பெரியம்மா முன்னால்.

எங்கள் பசு அவள் சீதனமாய் வந்தது. அவள் பிடித்தால்தான் நடக்கும். அது காளைக்குக் கத்திய அன்றைக்கு அவள் வீட்டுக்குத் தூரம். ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். தூரமான பெண் தொழுவுக்குள் வரக்கூடாது, மாட்டைத் தொடக்கூடாது. அதனால் நான் பிடித்துக்கொண்டு போனேன். மாட்டு ஆஸ்பத்திரிக்கு ரெண்டு மைல். பாதி வழி மாடு என்னை இழுத்தது, மீதி வழி நான் மாட்டை இழுத்தேன். ஊசி போட்டு, நாள் எழுதி ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவள் ஒதுங்கி உட்காரவில்லை.

எழுந்து தொழுவுக்குப் போனேன். கூரை இறவாணத்தில் சொருகி வைத்திருந்த சீட்டை எடுத்துவந்து அண்ணன் கையில் கொடுத்தேன்.

"என்னலே இது?"

"மாட்டுச் சீட்டு."

"மாட்டுக்கு இப்ப என்ன?"

"அன்னைக்கு மாட்டை நான்தான் பிடிச்சிட்டுப் போனேன். அவ வரல."

அவ்வளவுதான் சொன்னேன். அண்ணனுக்கு விளங்கவில்லை. மதினிக்கு விளங்கிவிட்டது, சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அம்மா என் காலைப் பார்த்தாள். "ஆமா, கட்டைவிரல் நகம் பேந்து வந்தான். அவதான் தூரத்துல உக்காந்துக்கிட்டு, மஞ்சப்பத்துப் போடுங்க அத்தைன்னு எங்கிட்டச் சொன்னா."

பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வாசலைப் பார்த்தேன்.

அண்ணன் பஞ்சாங்கத்தை எடுத்து இங்கிலீஷ் தேதிக்குத் தமிழ் நாள் பார்த்தான். பங்குனி பன்னிரண்டு.

"மாட்டுக்கும் மனுசிக்கும் ஒரே கணக்குத்தான். ரெண்டும் ஒண்ணா ஈனும் போல" என்றான்.

"ஏலே, வாயக் கழுவு" என்றாள் பெரியம்மா. ஆனால் சீட்டைக் கேட்டு வாங்கினாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. மையைத் தடவிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். "சர்க்கார் ஆளுக எழுதினதா?"

"ஆமா."

"மாட்டைப் பாத்து எழுதினா பொய் எழுத மாட்டாக." பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "ஏட்டி, இங்க வா."

என் வீட்டுக்காரி வந்து நின்றாள். கையெல்லாம் கரி. பெரியம்மா அவள் வயிற்றில் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"பாலத்துல பஸ்ஸு குலுக்கும். எம்பக்கத்துல உக்காரணும். அலைக்குள்ள எறங்கப்படாது. கரையில நின்னு காலை மட்டும் நனைச்சுக்கோ."

"நீங்களும் வாரீகளா அத்தை?"

"வராம? ஒன்னைய நம்பி விடச் சொல்லுதியா?"

அவள் தலையை ஆட்டினாள். உள்ளே போகையில் என்னைத் தாண்டித்தான் போனாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. காது வரை சிரிப்பு இருந்தது.

பெரியம்மாவுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. பங்குனி பன்னிரண்டிலிருந்து விரலில் கணுக் கணுவாகத் தானே எண்ணினாள். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. நடுவில் தப்பி, முதலிலிருந்து எண்ணினாள். அன்றைக்கு ஆவணி இருபத்துமூன்று. ஏழாம் மாசம் பிறக்க மிச்சம் இருந்த நாள் இருபது.