வலப்பக்கம் திரும்பாத படகு

என் கணவர் பதினாறு வருஷம் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் சின்ன லாஞ்ச் ஓட்டினார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் லீவில் வருவார். வந்ததும் அவருடைய நீலப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விடும். துணிகளை எடுத்து அலமாரியில் வைக்கவே மாட்டார். கேட்டால், "எப்படியும் திரும்ப அடுக்கணும்ல" என்பார். அந்தப் பெட்டியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீடு பெருக்கும்போது வேண்டுமென்றே துடைப்பத்தால் அதை ஓர் இடி இடிப்பேன்.

போன வருஷம் வந்தவருக்குத் திரும்பிப் போக மனசில்லை. ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கினார். எங்கள் நிலம் முத்துப்பேட்டைப் பக்கம். கோரையாற்றில் இறங்கிக் கொஞ்ச தூரம் போனால் அலையாத்திக் காடு, அதைத் தாண்டினால் காயல். சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போகலாம் என்பது திட்டம். நிலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், தண்ணீரை அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று நானும் சரி சொன்னேன். கம்பெனியிலிருந்து மட்டும் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: மாதக் கடைசிக்குள் வந்தால் பழைய வேலை உண்டு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

"படகு ஓடினா இருக்கேன். ஓடலன்னா போறதத் தவிர வேற வழியில்ல" என்றார்.

எங்கள் ஊரில் மற்றப் படகுக்காரர்கள் பின்னால் உட்கார்ந்து இன்ஜினையே கையால் பிடித்துத் திருப்புகிறவர்கள். எங்கள் படகில் காரைப் போல முன்னால் ஒரு சக்கரம். அதைச் சுற்றினால் அதற்குப் பின்னாலிருக்கும் சின்னப் பெட்டியிலிருந்து எண்ணெய், இரண்டு ரப்பர் குழாய் வழியாகப் படகின் பின்கோடிவரை போய் ஒரு தண்டைத் தள்ளும். தண்டு இன்ஜினைத் திருப்பும். "எங்களுக்குக் கை இருக்கு, ஒங்களுக்கு எண்ணெ இருக்கு" என்று துறையில் கேலி பேசினார்கள்.

படகைத் தண்ணீரில் இறக்கிய வெள்ளிக்கிழமை பூஜை போட்டேன். சக்கரத்துக்கு, இன்ஜினுக்கு, நங்கூரத்துக்கு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். எண்ணெய் ஊற்றும் வாய்க்கு ஒரு கறுப்பு மூடி இருந்தது. நடுவில் லேசாகக் குழிந்து, பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல இருந்தது. அதில் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, இவர் போகக் கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டேன். அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போய் அந்தப் பொட்டைப் புதுப்பித்தேன்.

இரண்டு நாள் படகு நன்றாக ஓடியது. பிறகு வலப்பக்கம் திருப்பினால் சக்கரம் இறுக ஆரம்பித்தது. இடப்பக்கம் திருப்பினால் சக்கரத்தின் அச்சைச் சுற்றி எண்ணெய் கசிந்தது. கொஞ்ச நேரம் போனால் சக்கரம் சும்மா சுற்றும், இன்ஜின் அசையாது. ஒருநாள் வெள்ளோட்டத்தில் வளைவில் திரும்ப முடியாமல், சேற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்களின்மேல் போய் ஏறிவிட்டோம். ஓதம் ஏறித் தண்ணீர் உயரும்வரை கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தோம்.

"எண்ணெயில காத்து ஏறிடுச்சு" என்றார்.

அது எனக்குத் தெரிந்த சங்கதிதான். வயலில் டீசல் இன்ஜினுக்கு ஏர் லாக் ஆனால் காற்றை வெளியேற்றினால்தான் ஓடும். மூடியைக் கழற்றி எண்ணெய் ஊற்றிக்கொண்டே நான் சக்கரத்தைச் சுற்ற, அவர் பின்னால் உட்கார்ந்து தண்டின் திருகைத் திறந்து காற்றை விட்டார். குமிழி வருவது நின்றதும் சக்கரம் வெண்ணெயாகச் சுற்றியது. மூடியைப் போட்டுவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தோம். மறுநாள் ஓட்டினால் பழைய கதை.

இதையே நாலைந்து தடவை செய்தோம். குழாய் இணைப்புகளையெல்லாம் செய்தித்தாளால் துடைத்துப் பார்த்தார், ஒரு சொட்டுக் கசிவு இல்லை. திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து, அச்சில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் போய்விட்டது என்றார். சென்னையிலிருந்து சீல் வரவழைத்து மாட்டினோம். அந்த மெக்கானிக்கும் சரி, இவரும் சரி, பொட்டு அழியாமல் மூடியின் விளிம்பைப் பிடித்துத்தான் பயபக்தியோடு கழற்றுவார்கள். புது சீல் போட்ட மறுநாளும் சக்கரம் இறுகியது.

நான் வாயை அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை. "பதினாறு வருஷம் லாஞ்ச் ஓட்டினீங்களா, இல்ல பக்கத்துல நின்னு வேடிக்க பாத்தீங்களா?" என்று துறையில் நாலு பேர் இருக்கும்போதே கேட்டுவிட்டேன். அவர் ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டுப் படகிலிருந்து இறங்கினார். சாயங்காலம் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து ஜிப்பைத் திறந்து வைத்தார். அந்தச் சத்தம் கேட்டபோது என் நாக்கை நானே சபித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, "கடைசியா ஒரு தடவ பாத்துருவோம். கை குடு" என்று கூப்பிட்டார். மறுபேச்சில்லாமல் போனேன்.

இந்தத் தடவை எண்ணெய் பாட்டிலை ஒரு சின்னக் குழாயோடு சேர்த்து, எண்ணெய் ஊற்றும் வாயில் கவிழ்த்து மாட்டியிருந்தார். எண்ணெய் இறங்கவில்லை. பின்னாலிருந்து, "பாட்டில் அடியில ஒரு ஓட்ட போடு. காத்து உள்ள போனாத்தான் எண்ணெ எறங்கும்" என்றார். என் தாலிக்கொடியில் எப்போதும் இரண்டு ஊக்கு தொங்கும். ஒன்றைக் கழற்றிக் குத்தினேன். எண்ணெய் மளமளவென்று இறங்கியது. நல்லெண்ணெய் டின்னுக்கு இரண்டு ஓட்டை போடுகிற அதே சமாசாரம்.

இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு ஒன்று தோன்றியது.

"என்னங்க, பாட்டிலுக்கு ஓட்ட வேணுங்கறீங்க. மூடியப் போட்டுட்டா அந்த எண்ணெப் பொட்டிக்குக் காத்து எந்த வழியா போகும்?"

"மூடியிலயே ஓட்ட இருக்கு."

"எங்க இருக்கு?"

அவர் எழுந்து முன்னால் வந்தார். பலகைமேல் வைத்திருந்த மூடியை எடுத்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். குழிக்குள் மூன்று வெள்ளிக்கிழமைச் சந்தனம் கல்லாக இறுகியிருந்தது, மேலே என் குங்குமம்.

அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. பின்னாலிருக்கும் தண்டு ஒரு பக்கம் போகும்போது பெட்டியில் எண்ணெய் குறையும், மறுபக்கம் வரும்போது ஏறும். அதற்குத் தக்கபடி காற்று போய்வரத்தான் அந்த ஓட்டை. அது அடைத்தால் ஒரு பக்கம் இழுத்து இறுகும், மறுபக்கம் எண்ணெய் அச்சு வழியாகப் பிதுங்கும், அதே வழியில் காற்றும் புகும். காற்று எடுக்கிற நேரமெல்லாம் மூடி கழன்று கிடந்ததால் சக்கரமும் ஒழுங்காக இருந்திருக்கிறது.

போகக் கூடாதென்று வேண்டி வைத்த பொட்டுதான் அவரை அனுப்பப் பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "நாந்தாங்க. என்னாலதான். ஒங்களப் போயி அத்தன பேர் முன்னாடி பேசிட்டேன்" என்றேன்.

"அந்தப் பொட்ட அழிக்கக் கூடாதுன்னு பொத்திப் பொத்திக் கழட்டினது நானு. எனக்கு மட்டும் எங்க போச்சு புத்தி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த லீவில் அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதே ஊக்கால் குழியைச் சுரண்டினேன். பொடி பொடியாக வந்தது. மூடியை ஊதிப் பார்த்தேன், காற்று அந்தப் பக்கம் போனது. எண்ணெயில் மிச்சமிருந்த காற்றை எடுத்து, மூடியைப் போட்டு, காயல்வரை போனோம். வெயில் உச்சிக்கு வரும்வரை ஓட்டினோம். சக்கரம் இறுகவில்லை, எண்ணெய் கசியவும் இல்லை. அகலமான இடத்தில் அவர் கோயிலைச் சுற்றுகிற மாதிரி வலப்பக்கமாகவே நாலு வட்டம் போட்டார். எனக்குத் தலை சுற்றியது. நிறுத்தச் சொல்ல மனசு வரவில்லை.

முதல் சவாரிக்கு, திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்த ஒரு தம்பதி பிள்ளைகளோடு வந்தார்கள். அந்த அம்மா ஏறியதும் பிரசாதச் சந்தனத்தை எடுத்துக்கொண்டு சக்கரத்தின் பக்கம் போனார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டித் தடுத்தோம். "சக்கரத்துல வைங்கம்மா, மூடியில மட்டும் வேணாம்" என்றார் இவர்.

மறுநாள் வீடு பெருக்கியபோது கட்டிலுக்கு அடியில் பெட்டி இல்லை. துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டுத் துறைக்கு ஓடினேன். பெட்டி படகில் இருந்தது. ஸ்பேனர், குழாய், எண்ணெய் பாட்டில் எல்லாம் அதில் கிடந்தன. பாட்டில் ஒழுகி, பெட்டியில் ஒட்டியிருந்த விமான நிலையச் சீட்டுவரை கறை ஊறியிருந்தது.

"சாமான் போட ஒரு பொட்டி வேணும்ல" என்றார் தலை நிமிராமல்.

"அதுல இருந்த துணியெல்லாம்?"

"அலமாரியில."

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். என் புடவைகளையெல்லாம் ஒரு ஓரமாக நெருக்கித் தள்ளிவிட்டுத் தன் சட்டைகளை அடுக்கியிருந்தார். அடுக்கிய லட்சணம் சகிக்கவில்லை. இன்றுவரை அதை நான் மாற்றி அடுக்கவில்லை.