ஆடு நெளித்த சருவச்சட்டி

கனடாவில், அஜின்கோர்ட்டில் என் வீட்டுக் குசினியில் ஒரு சருவச்சட்டி இருக்கிறது. வாயகன்ற அலுமினியப் பாத்திரம். விளிம்பு ஒரு பக்கம் நெளிந்திருப்பதால் எந்த மூடியும் சரியாகப் பொருந்தாது. எறியும்படி மகள் சொல்லிக்கொண்டே இருப்பாள். அரிசோனாவில் ஒரு ஆடு நெளித்தது என்று நான் சொல்வதை அவள் இன்னும் நம்பவில்லை.

தொண்ணூறுகளில் எங்கள் ஸ்காபரோ தேவாலயத்தின் இளைஞர் குழு, அரிசோனாவில் நவாஹோப் பழங்குடி மக்களின் ஊரொன்றுக்கு ஒரு வாரம் தொண்டு செய்யப் போனது. ஒருவருடைய வீட்டுக் கூரையைத் திருத்திக் கொடுப்பது வேலை. அகதி வழக்கு முடியாதவர்களால் எல்லையைக் கடக்க முடியாது. எனக்கு அப்போதுதான் குடியுரிமை கிடைத்திருந்தது. ஃபாதர் கேட்டபோது மறுக்க வாய் வராமல் தேவாலயத்து வான் வண்டியில் ஏறிவிட்டேன். சமையலுக்கு அன்ரி வந்தார். எனக்கு உறவில்லை, தேவாலய விருந்துகளுக்குச் சமைப்பவர், எல்லோருக்குமே அன்ரி. வழி முழுக்க என் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டே வந்தார். "பிள்ளை, உங்கை மாடு நிக்குது, புல் எங்கை?" "உந்தச் சிவப்பு மண்ணில என்ன முளைக்கும்?" எனக்கு எதற்கும் பதில் தெரியாது. அது அவருக்குக் குறையாகவும் படவில்லை.

வீட்டுக்காரர் ஆடு வளர்ப்பவர், குறைவாகப் பேசுபவர். ஏணி எங்கே என்று கேட்டால் கையை நீட்டமாட்டார். உதடுகளைக் குவித்து அந்தப் பக்கம் காட்டுவார். வாய் திறக்கக் கூச்சப்படும் எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அன்ரி வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு அதையே பார்ப்பார். "விரலை நீட்டினால் மரியாதை இல்லையாக்கும்," என்றார் என் காதுக்குள்.

சனிக்கிழமை மத்தியானம் சோறும் பருப்பும் என்று முடிவானது. வாசலில் ஒரு நீலப் பீப்பாயில் தண்ணீர் இருந்தது. அன்ரி அதில் அள்ளி அள்ளி அரிசி கழுவினார். வீட்டுக்காரர் வந்து பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தார். எங்கள் குழுத் தலைவனிடம் மெதுவாக ஏதோ சொன்னார். கனடாவில் வளர்ந்த பொடியன் அவன்.

"அன்ரி, ஓ மை காட். அது ஷீப்புக்கு வச்ச தண்ணி. திங்கள் வரைக்கும் அதுதான். அவரின்ர ட்ரக் பழுது. தண்ணி எடுக்கிற இடம் பின்னேரம் பூட்டினால் நாளைக்கும் திறக்காது."

எங்கள் வானோ கூரைத் தகடு வாங்கப் பட்டணத்துக்குப் போயிருந்தது.

"நாலு தரம்தானே கழுவினனான்," என்றார் அன்ரி.

"ஆர் அன்ரி நாலு தரம் கழுவுறது?"

"எல்லாரும்தான்டா. உன்ர அம்மாட்டைக் கேள்."

அன்ரி பிறந்து வளர்ந்தது கிணறு வற்றாத ஊர். அவர் முகம் சிறுத்துப்போனது. பிறகு மெல்லச் சொன்னார்: "ஆனால் கழுவின தண்ணியை நான் ஊத்தேல்லை."

ஊரில் அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்குப் போகும். ஸ்காபரோ அப்பார்ட்மெண்டில் மாடு இல்லாததால் கறிவேப்பிலைச் செடிக்குப் போகும். அந்தப் பழக்கத்தில் நாலு கழுவலையும் சருவச்சட்டியில் சேர்த்து வைத்திருந்தார். நானும் அன்ரியுமாக அதைத் தூக்கி ஆட்டுப் பட்டிக்குக் கொண்டுபோனோம். செம்மறிகள் மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன.

"அன்ரி, இது அரிசோனா," என்று பொடியன் சிரித்தான்.

"ஆடு எண்டால் ஆடுதானே. வேற வயிறே?"

அவற்றோடு நின்ற ஒரு மண்ணிற வெள்ளாடு மட்டும் தலையை உள்ளே விட்டுக் குடித்தது. நிமிரும்போது கொம்பு மாட்டி, சட்டியோடு வேலிக் கட்டையில் மோதியது. சட்டி நெளிந்தது. அதைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர் முதன்முதலாகச் சிரித்தார். பிறகு இரண்டு செம்மறிகள் மிச்சத்தைக் குடித்தன. மந்தைக்கு அது எங்கே போதும்?

வான் திரும்பியதும் பீப்பாயைப் பின்னால் ஏற்றினோம். "நான் முடிச்ச தண்ணி, நான் வாறன்," என்று அன்ரியும் ஏறினார், என்னையும் இழுத்துக்கொண்டு. பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் வீட்டுக்காரர் உதட்டால் வழி காட்டினார். தண்ணீர் எடுக்கும் இடத்து வாசலில் ஒருவர் பூட்டுவதற்குச் சங்கிலி போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பீப்பாயையும், சேலையில் இறங்கி நின்ற அன்ரியையும் பார்த்துவிட்டுச் சங்கிலியைக் கழற்றினார். பீப்பாய் நிரம்பும்வரை அன்ரி ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேள்வி கேட்காமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

மிச்ச நாட்களில் அரிசியை ஒரே தரம்தான் கழுவினார். சோற்றில் தவிடு மணத்தது. அதையே எல்லோரும் சாப்பிட்டோம். வெள்ளாடு மட்டும் அரிசி களையும் சத்தம் கேட்டால் வந்து நிற்கும்.

அன்ரி ரூஜ் பக்கம் இருக்கும் மகன் வீட்டுக்கே குடிபோனபோது சட்டியை எனக்குத் தந்தார். போன மாதம் அதில் இறைச்சிக் கறி கொண்டுபோனேன். அவர் ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தார். எங்கே வைப்பது என்று கேட்டேன். கை முழுக்க மா. உதடுகளைக் குவித்து அடுப்புப் பக்கம் காட்டினார். நெளிந்த பக்கம் சுவரைப் பார்க்கும்படி வைத்தேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, சட்டியைப் பார்த்து மறுபடியும் உதட்டைக் குவித்தார். நெளிவு எங்களைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன்.