ஹெரால்டுக்கு ஹேண்ட் பிரேக் எங்கே?

சேலையூர் ஷெட்டில் மெக்கானிக் ஒரு பழைய ஹெரால்டு காரின் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கரகரவென்ற அந்தச் சத்தத்தில் எனக்கு மறுபடியும் ஒன்பது வயதாகிவிட்டது.

சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு வாசல் ஏரிக்கரைச் சரிவு. அப்பா எங்களைத் தொடக்கூட விடாத ஃபியட் கீழே நின்றது. அதன் பின்னால், மேட்டில், சித்தப்பாவின் புது ஹெரால்டு. எந்த வண்டி உசத்தி என்று உள்ளே அப்பாவும் சித்தப்பாவும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

நானும் ஸ்டெல்லா அக்காவும் ஹெரால்டில் ஏறினோம். ஒரே ரெக்ஸின் வாசனை. சீட்டுகளுக்கு நடுவே ஒரு கம்பி, அதன் தலையில் பொத்தான். ஃபியட்டில் அப்படி ஒன்று கிடையாது. அமுக்கினேன். கம்பி படுத்தது, வண்டி உருண்டது.

"ஹேண்ட் பிரேக்கைப் போடுடா!" என்று அலறினாள் அக்கா.

"எனக்குத் தெரியும், நீ சும்மா இரு!"

ஃபியட்டில் அது இருக்கும் இடத்தில், டேஷ்போர்டுக்குக் கீழே துழாவினேன். வெறும் வயர்தான். முன்கண்ணாடியில் ஃபியட் பெரிதாகிக்கொண்டே வந்தது. "ஏசப்பா!" என்று ஹாரனை அடித்தேன், ஆளில்லாத ஃபியட் ஒதுங்கி வழிவிடும் என்பதைப்போல.

அக்கா அந்தக் கம்பியை இரண்டு கையாலும் இழுத்தாள். கரகர. ஃபியட்டை முட்ட ஒரு சாண் மிச்சத்தில் வண்டி நின்றது.

ஓடிவந்த சித்தப்பா எங்களைப் பார்க்கவில்லை, அந்த ஒரு சாணைத்தான் பார்த்தார்.

"பாத்தியாண்ணா, பிரேக்குன்னா இதான் பிரேக்கு!"

அப்பா என் காதைத் திருகினார். "என் வண்டின்னா இவனால அசைச்சிருக்கவே முடியாதுடா!"

"ஏறி உக்காந்து பாருங்க சார்," என்றார் மெக்கானிக், ஷெட்டில் நின்ற ஹெரால்டின் கதவைத் திறந்து.

"எங்க அக்கா வரட்டும்," என்றேன்.