டிராகன் முட்டையும் நல்லி எலும்பும்

என் சகலை மேல் எனக்குப் பொறாமை எதுவும் கிடையாது. அவருக்குச் சொந்தமாக ரிக்கு வண்டி இருக்கிறது, ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடுகிறார். எனக்கு நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் மேற்பார்வை வேலை இருக்கிறது. ராசிபுரத்து மாமனார் வீட்டுக்கு அவர் வந்தால் மாமனார் வாசல்வரை வருவார். நான் போனால் நாய் வரும். கெடா விருந்தென்றால் நல்லி எலும்பு மூத்த மாப்பிள்ளை இலைக்குத்தான். இதையெல்லாம் நான் கவனிப்பதேயில்லை.

ஒன்றே ஒன்றில் நான் அவரைவிட மேல். என் போனில் ஒரு விளையாட்டு இருந்தது. யாரோ இரண்டு பேர் சேர்ந்து செய்தது. மாயக்காடு, மிதக்கும் பாறைகள், பின்னால் துரத்தும் டிராகன். குட்டி இளவரசன் ஒருவன் தானாகவே ஓடிக்கொண்டிருப்பான். நிறுத்த முடியாது, திரையைத் தட்டினால் தாவுவான், அவ்வளவுதான். வழியில் டிராகன் முட்டைகள் கிடக்கும். எடுத்தால் புள்ளி. எடுக்காமலும், கட்டத்தின் முடிவில் இருக்கும் கோட்டைக்குப் போய்ச் சேரலாம். எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாரும் அந்தக் கோட்டையைப் பார்த்ததில்லை. வீட்டில் இருப்பது நானும் மனைவியும்தான். அவள் விளையாடுவதில்லை.

போன கெடா விருந்தில் அவள் இந்தப் பெருமையைத் தன் அக்காவிடம் அவிழ்த்துவிட்டாள். சகலை சிரித்துக்கொண்டே போனைக் கேட்டார். மாமனாருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"ரெண்டு பேரும் பாக்காத கட்டமா எடுங்க. ஆளுக்கு மூணு தரம். ஜெயிக்கிறவருக்குத்தான் இன்னிக்கு நல்லி."

மாமியார் நல்லிக் கிண்ணத்தோடு அடுப்படி வாசலில் நின்றார். என் மனைவி எனக்குப் பின்னால் நின்றாள். அதுதான் முக்கியம்.

முதலில் நான். நன்றாகத்தான் ஓடினான். ஒரு பாறையின் விளிம்பில் ஒற்றை முட்டை, இதோ விழுந்துவிடும் என்பதுபோல. பண்ணையில் ஒரு முட்டை உருள்வதைக் கண்டால் என் கை என்னைக் கேட்காது. தட்டினேன். முட்டை கிடைத்தது, இளவரசன் பள்ளத்தில். இரண்டாவது முறை அதை விட்டுவிட வேண்டும் என்று உறுதியாக இருந்தேன். நான் உறுதியாக இருந்தேன், கை இல்லை. மூன்றாவது முறை அதைத் தப்பி, அடுத்த முட்டைக்குச் செத்தேன்.

சகலை போனை வாங்கினார். வழியில் எது கிடந்தாலும் துளைத்துக்கொண்டு போகிற தொழில். ஒரு முட்டையைக்கூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை. முதல் தரத்திலேயே கோட்டையில் கொட்டு முழங்கியது.

"முட்டைய உட்டுப்போட்டுப் போயிருக்கலாமுங்க தம்பி," என்றார், அக்கறையாக. கேலி செய்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். என் மனைவி எல்லோருக்கும் முன்பாகச் சிரித்தாள்.

பந்தியில் அவர் நல்லியைத் தட்டி, பாதியை என் இலையில் போட்டார். அது ருசியாக இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திரும்பும்போது வண்டியில் பின்னாலிருந்து மனைவி கேட்டாள்: "ஏனுங்க, முட்டை யாரு சாஸ்தி எடுத்தது?"

"நான்தான்."

"அப்பறமென்னுங்க."

அந்த ஆறுதல், சகலை போன் பண்ணும்வரை இருந்தது. அதே விளையாட்டைத் தன் போனில் ஏற்றி எல்லாக் கட்டத்தையும் முடித்துவிட்டாராம். வேறு நல்ல விளையாட்டு இருந்தால் சொல்லச் சொன்னார்.

தேடிக்கொண்டுதான் இருக்கிறேன், முட்டையே இல்லாத ஒன்றாக. கிடைத்தால் அவரிடம் சொல்வதாக இல்லை.