மச்சாளும் மொடியூலும் யன்னல் சீற்றும்

விசுவமடுவில் பஸ் ஏறி யன்னலோரம் இருந்தேன்.

பக்கத்தில் வந்து குந்தியவள் என் மச்சாள். இடம்பெயர்ந்த காலத்தில் உடையார்கட்டுக் கிணற்றடியில் எனக்கு வாளி தராதவள். அன்றோடு கதை இல்லை.

முன்சீற்றில் கம்பஸில் படிக்கிற பிள்ளை ஒருத்தி தோழிக்கு மொடியூல் என்றொரு கணித அமைப்பை விளக்கினாள்.

"மொடியூலை ஒவ்வொரு இடமாய்க் கிட்டப் போய்ப் பாரடி. எங்க பூச்சியமாகாமல் மிஞ்சுதோ, அந்த இடங்கள்தான் அதின்ர சப்போட்."

என் கோபத்தையும் அப்படிப் பார்த்தேன். எல்லா ஊரிலும் பூச்சியம். அந்தக் கிணற்றடியில் மட்டும் அப்படியே கிடக்கிறது.

"பரந்தன் இறங்கிற ஆக்கள் வாங்கோ!" என்றார் கொண்டக்டர்.

நான் இறங்க வேண்டிய இடம். மச்சாளின் முழங்கால் வழியை மறித்திருந்தது. "விலகு" என்றால் முதலில் கதைத்தவள் நானாகிவிடுவேன்.

பரந்தனைத் தாண்டி வந்து கிளிநொச்சியில் நின்று எழுதுகிறேன். உங்கள் கோபத்துக்கு எந்த இடம் சப்போட்? திரும்பும் பஸ் வருமுன் சொல்லுங்கோ.